செல்லத்தின் பெயர்

தண்ணீர் ஃபில்டரின் இரண்டு கேண்டில்களையும் கழற்றி, குழாயடியில் வைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். சோப்பு போடக் கூடாது. போட்டால் ஒரு வாரத்துக்குத் தண்ணீரில் அந்த வாசனை போகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபில்டர் கழுவுவது கணவரின் வேலை என்று கல்யாணமான புதிதில் பேசி முடிவானது. இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் கழுவிய தடவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டு வாங்குவதைவிடத் தானே தேய்த்துவிடுவது சுலபம் என்பது அவள் கட்சி.

இன்றைக்குக் கைதான் தேய்த்தது, மனம் அங்கே இல்லை. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒரு மெயிலுக்குப் பதில் எழுதியாக வேண்டும். அந்த மெயிலை அவள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் அவளை உள்ளேயே விடவில்லை. பாஸ்வேர்ட் தவறு என்றது. பதினோரு வருடமாக மாறாத பாஸ்வேர்ட்.

ஆஸ்பத்திரியில் அவளை 'மூச்சுப்பிடி அக்கா' என்றுதான் சொல்வார்கள். அடித்தளத்தில், லிஃப்ட்டுக்கு எதிரே, எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேரிடம் ஒரே வசனத்தைச் சொல்லி வாங்கிய பெயர். "தாடையை மேல வைங்க. கை ரெண்டும் இடுப்புல. தோளை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க." அவள் விடச் சொல்ல மறந்துபோய் ஒரு பெரியவர் நீலம் பாரித்துவிட்டார் என்று காண்டீனில் ஒரு கதை உண்டு. நடந்ததில்லை. அவள் அதை மறுத்ததும் இல்லை.

படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி தெரிந்துவிடும். எது சளி, எது நீர், எது வேறு ஏதோ என்று. கூட வந்தவர்கள் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "என்னங்க தெரியுது? பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே?" அவள், "டாக்டர் சொல்லுவார்" என்பாள். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் ஒரு புருவம்கூட அசையாது. எதிர்வீட்டுக்காரர் படத்தை எடுத்துவிட்டு ஒரு வாரம் முழுக்க மாடிப்படியில் அவருடைய மனைவியிடம் வெயிலைப் பற்றிப் பேசியிருக்கிறாள்.

அவள் கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு சின்ன ஈய எழுத்துகள் இருக்கும். ஒன்று வலது பக்கத்துக்கு, ஒன்று இடது பக்கத்துக்கு. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒட்டி வைப்பாள். படத்தோடு எழுத்தும் விழும். அவளுடையதில் கூடுதலாக அவள் பெயரின் முதலெழுத்தும் அப்பா பெயரின் முதலெழுத்தும் பொடியாகச் சேர்ந்திருக்கும். எந்தப் படத்தை யார் எடுத்தார்கள் என்று பின்னால் கேள்வி வந்தால் அந்த எழுத்துதான் ஜவாப். அதை அவள் யாருக்கும் கைமாற்றாகக் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுவாள், எங்கும் எழுதி வைக்க மாட்டாள். பயிற்சிக்கு வந்த பெண் ஒருநாள், "அக்கா, உங்க லாகின்ல ஒரே ஒரு படம் ஏத்திக்கிறேனே" என்று கேட்டபோது, "கட்டைவிரலைக் கழட்டிக் கடனா கேப்பியா நீ?" என்றாள். அந்தப் பெண் அடுத்த மாதமே தனக்கென்று ஒரு லாகின் வாங்கிக்கொண்டது.

இவ்வளவு கறாரான மனுஷி, வீட்டு விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டைவிட்டாள் என்று கேட்டால், வீட்டில் யாரும் அதைப் பூட்டு என்றே நினைக்கவில்லை.

அந்த மெயில் முகவரி ஒரு கூட்டுக் குடும்பம். மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம் படிவத்தில் மெயில் முகவரி கேட்டார்கள். அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் கணவரின் அண்ணன் ஒருவர்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒரு பிரேக், பக்கத்து ஸீட்டில் அவர் காலடியில் ஒரு பிரேக் என்று வண்டி வைத்திருப்பார். முப்பது வருடம் அப்படி உட்கார்ந்து பழகி, குடும்பத்திலும் அவர் காலடியில் ஒரு பிரேக் இருப்பதாகவே அவருக்கு ஒரு நினைப்பு. அவர்தான் பத்தே நிமிஷத்தில் முகவரியை உண்டாக்கிக் கொடுத்தார். பாஸ்வேர்ட், மகளின் செல்லப் பெயரும் பிறந்த வருடமும். வாண்டு என்பதை ஆங்கிலத்தில் எழுத ஏ இரண்டு. ஒன்றாகப் போட்டால் வண்டு ஆகிவிடும் என்று அன்றைக்கே எல்லோருக்கும் பாடம் நடத்தினார்.

பள்ளி, மின்கட்டணம், ரயில் டிக்கெட், கணவரின் கண்ணாடிக் கடைக்கு வரும் லென்ஸ் பட்டியல், அண்ணனுக்கு வரும் வாகனக் காப்பீட்டு நினைவூட்டல் எல்லாம் அந்த ஒரே முகவரிக்குத்தான். நாலு பேர் போனிலும் திறந்து கிடக்கும். யார் மெயிலை யார் திறந்தாலும், "உனக்கு ஒண்ணு வந்திருக்கு, பாத்துட்டேன்" என்று சாப்பிடும்போது சொல்வார்கள். அவள் அதைக் குறையாக நினைத்ததில்லை. அவளுக்கென்று தனியாக மெயில் வந்தால்தானே?

மூன்று மாதத்துக்கு முன்னால் முதன்முறையாக அப்படி ஒன்று வருவதற்கு வழி பிறந்தது. நகரத்தின் மறுகோடியில் எக்ஸ்ரே பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே பாடம் நடத்த அனுபவமுள்ளவர் தேவை என்று ஆஸ்பத்திரி நோட்டீஸ் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அவள் இரண்டு நாள் அதைக் கடந்து போனாள். மூன்றாம் நாள் விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்குப் போனில் அழைத்தார்கள்; பல் ஆஸ்பத்திரிக்குப் போவதாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நேற்று மதியம் பயிற்சிப் பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், உங்களைத் தேர்வு பண்ணி புதன்கிழமை சாயந்திரமே மெயில் போட்டோம். மூணு நாளாச்சு, உங்ககிட்டருந்து பதிலே காணோமே."

"எனக்கு எதுவும் வரலியே."

"போயிருக்கு மேடம், நான் பாத்துட்டுத்தான் பேசறேன். திங்கக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள சம்மதம்னு ஒரு வரி போட்டிருங்க. இல்லன்னா பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டிருவாங்க."

"வேற மெயில்லருந்து அனுப்பினா ஆகாதா?"

"விண்ணப்பத்துல குடுத்தீங்கல்ல, அதுலருந்துதான் வரணும். யாரு வேணா உங்க பேர்ல சம்மதம்னு எழுதிரலாம் பாருங்க."

அவள் அதை ஒத்துக்கொண்டாள். அவளே இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

கேண்டில்களைத் திருகி மாட்டி, ஃபில்டரை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு மகளின் படிக்கும் அறைக்கு வந்தாள். கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. பதினாறு வயசு மகள் தலைமுடியை உச்சியில் அள்ளி முடிந்துகொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம பாஸ்வேர்டை யாரோ மாத்தியிருக்காங்க. நாலு நாளைக்கு முன்னாடி மாத்தினதுன்னு காட்டுது. என் போன்லயும் வெளிய தள்ளிடுச்சு. அப்பா போன்லயும்."

"அப்பா மாத்தியிருப்பாரா?"

"அப்பாவா? அவருக்கு டிவி ரிமோட்ல சத்தம் குறைக்கறதே பெரிய விஷயம்."

"காது கேக்குது எனக்கு," என்று கூடத்திலிருந்து கணவரின் குரல் வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஆள். போன் போட்டாள். இரண்டு மணி அடிப்பதற்குள் எடுத்தார் கணவரின் அண்ணன்.

"அத்தான், நம்ம மெயில் பாஸ்வேர்ட் ஏதாவது மாத்தினீங்களா?"

"நானே அங்கதாம்மா வந்துக்கிட்டிருக்கேன்," என்றார்.

வந்துகொண்டிருப்பவருக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார். டிரைவிங் ஸ்கூல் காரை வாசலில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நாற்காலியைக் காலி செய்துகொடுத்த மகள் பின்னால் நின்றாள். கணவரும் வந்து கதவருகில் சாய்ந்துகொண்டார்.

"புதன்கிழமை ஒரு எச்சரிக்கை வந்துது," என்றார் அண்ணன். "உங்க கணக்குல புதுசா ஒரு கம்ப்யூட்டர்லருந்து யாரோ நுழைஞ்சிருக்காங்கன்னு. நமக்கு ஏது புதுக் கம்ப்யூட்டர்? பகீர்னு ஆயிடுச்சு."

"அது நான்தான்," என்றாள் அவள். "எக்ஸ்ரே ரூம்லருந்து பாத்தேன்."

"நீயா? ஆஸ்பத்திரிலருந்து நீ ஏம்மா நம்ம மெயிலைப் பாக்கணும்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "உடனே பாஸ்வேர்டை மாத்திட்டேன். எல்லாக் கருவியிலருந்தும் வெளியேறுன்னு ஒரு பட்டன் இருந்துது, அதையும் தட்டினேன். அது என்னையும் சேத்து வெளிய தள்ளிடுச்சு. திரும்ப உள்ள போலாம்னு பாத்தா..."

"புது பாஸ்வேர்ட் என்ன பெரியப்பா?"

"அதான் ஞாபகம் வரமாட்டேங்குது. பாதுகாப்பா இருக்கட்டும்னு நல்லா கஷ்டமா வச்சேன். பெரிய எழுத்து ஒண்ணு, கடைசியில ஒரு நட்சத்திரம். இல்ல, ரெண்டு நட்சத்திரம்."

"ரொம்பப் பாதுகாப்பாத்தான் இருக்கு," என்றாள் மகள். "நம்மளாலயே உள்ள போக முடியல."

அவர் ஐந்து விதமாக அடித்துப் பார்த்தார். ஐந்தாவது தடவைக்குப் பிறகு பாஸ்வேர்ட் கேட்கும் கட்டமே மறைந்துபோய், 'மறந்துவிட்டீர்களா?' என்று ஒரு வரி மட்டும் நின்றது. அதைத் தட்டினார். முப்பத்தெட்டில் முடியும் எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பட்டுமா என்று கேட்டது.

"இது யாரு நம்பர்?" என்றார் கணவர்.

"என் பழைய நம்பர்டா. விட்டு ஆறு வருஷமாச்சு. இப்ப யாருகிட்ட இருக்கோ. ஒண்ணு பண்ணலாம். அந்த நம்பருக்குப் போன் போட்டு, ஐயா, உங்களுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைக் கொஞ்சம் சொல்லுங்கன்னு..."

"வேணாம் அத்தான்," என்றாள் அவள். "அந்த எண் யார் கையில இருக்கோ அவங்கதான் நம்ம கணக்குக்கு முதலாளி. முன்னபின்ன தெரியாத ஆளைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் குடுக்கற மாதிரி. அவரு நல்லவரா இருந்தா நம்மளை மோசடிக்காரங்கன்னு நெனைச்சு வச்சிருவாரு. கெட்டவரா இருந்தா இன்னும் மோசம்."

அவள் இத்தனை வாக்கியங்களை ஒரே மூச்சில் பேசியதைக் கேட்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

வேறு வழி என்று ஒன்று இருந்தது. கணக்கைத் தொடங்கியபோது கொடுத்த ரகசியக் கேள்வி. மகள் தட்டினாள். ஆங்கிலத்தில் வந்ததை உரக்கப் படித்தாள். "உங்கள் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன? மூணு வாய்ப்பு. மூணும் தப்பானா ஏழு நாளைக்குக் கணக்கை முடக்கிருவாங்களாம்."

ஏழு நாள். நாளை மதியம் வரைதான் அவளுக்கு நேரம். அது முகத்தில் தெரியவில்லை.

"நம்ம வீட்டுல நாயும் இல்ல பூனையும் இல்ல," என்றார் கணவர். "அண்ணே, உங்க வீட்டுல மீன் வளத்தீங்களே?"

"மீனுக்கு யாருடா பேரு வைப்பா?" அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் மூக்குப் படுகிற மாதிரி குனிந்தார். "பெட் நேம்... பெட் நேம்னா செல்லப் பேருதானே? நான் அப்படித்தான் படிச்சிருப்பேன் அன்னைக்கு. வீட்டுல கூப்பிடற பேரைக் கேக்கறான்னு நெனைச்சிருப்பேன்."

"அப்ப நான்தான் பிராணி," என்றாள் மகள்.

வாண்டு, இரண்டு ஏ போட்டு. தவறு. ஒரு ஏ போட்டு. தவறு. இனி ஒரு வாய்ப்புதான் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"வேற யாரையாவது செல்லமா என்னன்னு கூப்பிட்டோம் அப்ப? யோசிங்க அண்ணே," என்றார் கணவர்.

அண்ணன் யோசித்தார். கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எந்த நொடியில் ஞாபகம் வந்தது என்பதை அவள் கண்டுகொண்டாள். ஆயிரக்கணக்கான படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கூட வந்தவர்களின் முகங்களைப் பார்த்த பழக்கம். அவருடைய காதுமடல் சிவந்தது. தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

"ஞாபகம் வரலம்மா," என்றார். "நான் வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சு ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேனே."

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள எனக்கு இது தெறக்கணும் அத்தான்."

"அப்படி என்ன தலைபோற அவசரம்?"

அப்போதுதான் சொன்னாள். பயிற்சிப் பள்ளி, விண்ணப்பம், நேர்காணல், புதன்கிழமை அனுப்பிய மெயில், நாளைய கெடு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வழி சொல்கிற குரலில், நாலே வரியில். கதவருகில் சாய்ந்திருந்த கணவர் நிமிர்ந்து நின்றார்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது நெஜமா வந்ததா? நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்னு இருந்துச்சு. உம் பேரு போட்டு. நான் மோசடின்னு நெனைச்சு அழிச்சிட்டேனே. அந்த எச்சரிக்கையும் அதே நாள் வந்துச்சா, ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டேன். உனக்கு யாரு வேலை குடுக்கப் போறான்னு..." தான் சொன்னது எப்படிக் கேட்கிறது என்பது அவருக்கே உறைத்தது. "அதாவது, நீ அப்ளை பண்ணினதே யாருக்கும் தெரியாதேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அழிக்கறேன்?"

அதில் நியாயம் இருந்தது. அவளும் அதை மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். ஆனால் இப்போது அது பேச்சில்லை.

"அழிச்சாலும் குப்பைத் தொட்டியில ஒரு மாசம் இருக்கும். உள்ள போனா எடுத்திரலாம். அந்தப் பேரை அடிங்க அத்தான்."

"ஞாபகம்..."

"இருக்கு உங்களுக்கு."

மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் அண்ணன். அவள் அசையவில்லை. கணவரை, வாசலில் கார் வழியை மறிக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவரும் அசையவில்லை. கடைசியில் இடது கையால் திரையை மறைத்தாற்போல் வைத்துக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால் அடித்தார். பாஸ்வேர்ட் என்றால் எழுத்துகள் புள்ளி புள்ளியாக மறைந்துகொள்ளும். ரகசியக் கேள்வியின் பதில் மறையாது. அவருடைய விரல்களுக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தாக வந்து நின்றது. ஆங்கிலத்தில் ஏழு எழுத்து.

கல்லுளி.

திரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 'புதிய கடவுச்சொல்லை அமைக்கவும்' என்றது.

மகள்தான் முதலில் பேசினாள். "கல்லுளின்னா என்ன? அது யாரு?"

மகளுக்குப் புரியாதது அவளுக்கு விளங்கிவிட்டது. கல்லுளிமங்கன். என்ன கேட்டாலும் வாயைத் திறக்காத அழுத்தக்காரனை ஊர் சொல்கிற பெயர். பெண்பிள்ளைக்கு மங்கன் பொருந்தாது என்று பின்பாதியை வெட்டிவிட்டிருக்கிறார்கள். அவள் இல்லாத இடங்களில், இந்த வீட்டுக்குள்ளேயே புழங்கிய பெயர். 'செல்லப் பெயர் என்ன' என்று ஒரு இயந்திரம் கேட்டதும் மனுஷருக்குச் சட்டென்று வாயில் வருகிற அளவுக்குப் புழங்கியிருக்கிறது.

"அம்மா விளையாட்டாச் சொல்றதுதாம்மா," என்றார் அண்ணன். அவர் அம்மா என்றது போய்ச் சேர்ந்துவிட்ட அவள் மாமியாரை. "அம்மாவுக்கு நெஞ்சுப் படம் நீதானே எடுத்தே. என்னடி தெரியுதுன்னு அம்மா கேட்டாங்க. டாக்டர் சொல்லுவார்னே. வீட்டுக்கு வந்தும் கேட்டாங்க. நாங்களும் கேட்டோம். அப்பவும் டாக்டர் சொல்லுவார்னே. அன்னைக்கு வச்ச பேரு. மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லல."

அந்தப் படம் அவளுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது. வலது பக்கம், மேல் மூலையில் ஒரு நிழல். டாக்டர் நான்கு நாள் கழித்துச் சொன்னார். அந்த நான்கு நாளும் மாமியாரின் தட்டில் சோறு போடும்போது அவள் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்ததை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

"கொஞ்சம் எந்திரிங்க அத்தான்," என்றாள்.

அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். மூன்று பேரும் பழக்கதோஷத்தில் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நின்றார்கள். "பழைய வாண்டையே போட்டிரு, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்," என்றார் அண்ணன்.

"கூட வந்தவங்கல்லாம் வெளிய நில்லுங்க."

எக்ஸ்ரே அறையில் சொல்கிற அதே குரல். அந்தக் குரலை எதிர்த்து எந்தச் சொந்தக்காரரும் உள்ளே நின்றதில்லை. இவர்களும் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

புதிய பாஸ்வேர்டுக்கு அவள் ரொம்ப யோசிக்கவில்லை. நாலு வார்த்தை. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளையின் பெயர் இல்லை, பிறந்த வருடம் இல்லை, இந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து யோசித்தாலும் வராது. ஆஸ்பத்திரியில் போடுவதும் அல்ல. இரண்டு முறை அடித்தாள். மீட்பு எண்ணை எடுத்துவிட்டுத் தன் போன் எண்ணைக் கொடுத்தாள். வந்த ரகசிய எண்ணை அடித்து உறுதி செய்தாள். ரகசியக் கேள்வியையும் மாற்றினாள். படித்த முதல் பள்ளியின் பெயர் கேட்டது. உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அவளுக்கும் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லாத ஒன்றை எழுதினாள். இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவள், வீட்டில் செய்யப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. யாரும் தடுத்ததில்லை என்பதும் உண்மை.

பிறகு குப்பைத் தொட்டியைத் திறந்தாள். காப்பீட்டு விளம்பரம், லென்ஸ் தள்ளுபடி, அதற்குக் கீழே அந்தக் கடிதம். ஏற்கெனவே படிக்கப்பட்டது என்று எழுத்து மெலிந்திருந்தது. அவள் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, பிழையில்லாமல் இருந்தது. இரண்டு முறை படித்தாள். சம்மதம் என்று ஒரு வரி எழுதி, தன் முழுப் பெயரைப் போட்டு அனுப்பினாள். போய்விட்டது என்று திரை சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. வெளியே மகள் யாரிடமோ, "சொல்லுங்களேன், கல்லுளின்னா உளிதானே?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது. கார் கிளம்புகிற சத்தம்தான் வந்தது.

கணவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். அந்த அறைக்கு அவர் கதவு தட்டி வந்தது இதுதான் முதல் தடவை.

"போயிருச்சா?"

"போயிருச்சு. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரணும்."

"நல்லது," என்றார். பிறகு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் நீ. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

"லென்ஸ் பட்டியல், ஸ்கூல் மெயில் எல்லாம் இதுலதானே வருது," என்றார்.

"உங்களுக்குத் தனியா ஒண்ணு, வாண்டுக்குத் தனியா ஒண்ணு, சாயந்திரம் போட்டுத் தர்றேன். அத்தானுக்கு அவரே போட்டுக்குவாரு. அவங்கவங்க பாஸ்வேர்ட் அவங்கவங்ககிட்ட. இது என்னோடதா இருக்கட்டும்."

"அது சரி. ஆனா இதோட பாஸ்வேர்டை எனக்கு மட்டும் சொல்லி வை. அண்ணனுக்குச் சொல்ல மாட்டேன். ஒரு ஆத்திர அவசரத்துக்கு வேணுமில்ல. புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்கு?"

அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

"கேளேன்."

"அந்தப் பேரை நீங்களும் சொல்லியிருக்கீங்களா?"

வெளியே மகள் ஃபிரிட்ஜைத் திறந்து மூடினாள். கணவர் திரையைப் பார்த்தார். அதில் இப்போது ஒன்றும் இல்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் அண்ணன் விட்டுப்போன மூக்குக் கண்ணாடி மல்லாந்து கிடந்தது. அதை எடுத்து, சட்டை நுனியால் ஒரு லென்ஸைத் துடைத்தார், பிறகு இன்னொன்றை. சட்டை நுனியால் கண்ணாடி துடைக்கிறவர்களைக் கடையில் அவர் கடிந்துகொள்ளாத நாளில்லை. அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குச் சிரமமில்லை.

"அண்ணன் கண்ணாடிய வச்சிட்டுப் போயிட்டாரு பாரு," என்றார். "இது இல்லாம அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது."

கண்ணாடியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் அறையை விட்டு வெளியே போனார்.